796 சி.சி. ஆல்டோவின் இழுவையை மீட்பது எப்படி: குறைந்த செலவில் என்ஜின் டியூனிங்

மாருதி ஆல்டோ 800 வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரே புலம்பல்தான்: பிக்அப் இல்லை. ஏசி போட்டால் மேம்பாலம் ஏற மறுக்கிறது, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் லாரியை முந்தவே பயமாக இருக்கிறது. உடனே யாராவது ஒருவர் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போடச் சொல்வார், இன்னொருவர் சைலன்சரை மாற்றச் சொல்வார். நானும் அந்தப் பேச்சைக் கேட்டுப் பணம் செலவழித்தவன்தான். அதனால் எது வேலை செய்தது, எது வெறும் சத்தம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காரின் கணக்கைப் பார்ப்போம். மூன்று சிலிண்டர், 796 சி.சி., 6,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 48 குதிரைத்திறன், 3,500-ல் 69 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஷோரூமிலிருந்து வெளியே வரும்போது இருந்த கணக்கு இது. ஐந்து, எட்டு ஆண்டுகள் ஓடிய காரில் அந்த 48-ல் சில குதிரைகள் வழியிலேயே இறங்கிப் போயிருக்கும். குறைந்த செலவில் செய்யும் டியூனிங்கில் பெரும்பகுதி, ஓடிப்போன குதிரைகளைத் தேடிப்பிடித்துக் கட்டுவதுதான். புதிதாகக் குதிரை வாங்குவது இந்த என்ஜினில் விலை அதிகமான வேலை.

இந்தச் சின்ன என்ஜினை ஏளனமாகப் பார்க்காதீர்கள் என்பதற்காக ஒரு இடைச்செருகல். கோயம்புத்தூர்க்காரரான கரிவர்தன் 1980-களின் இறுதியில் வடிவமைத்த ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-ன் என்ஜின்தான். ஃபார்முலா 1 வீரர் நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் நுழைந்ததும் அந்த வண்டியில்தான்.

முதல் படி: அளக்காமல் எதையும் கழற்றாதீர்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, நேரம். போக்குவரத்தே இல்லாத, நேரான, சமதளச் சாலை ஒன்றை அதிகாலையில் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போய், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து 70 கி.மீ. தொடும்வரை எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் குறிக்க வேண்டும். போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை. சராசரியை எழுதி வையுங்கள். காற்று, கண்ணுக்குத் தெரியாத சரிவு எல்லாம் இரு திசைச் சராசரியில் கழிந்துவிடும். ஏசி அணைத்திருக்க வேண்டும், டயர் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேர்தான் காரில் இருக்க வேண்டும். மூன்றாவது கியரை விட்டு மாற்றாமல் இருப்பதால் ஓட்டுநரின் கைத்திறன் கணக்கில் நுழையாது.

இரண்டாவது, காரின் கணினி சொல்லும் எண்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில், காரின் கணினியோடு பேசுவதற்கான ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரைச் செருகினால் கைப்பேசியில் எண்கள் ஓடும். நமக்கு வேண்டியவை மூன்று: கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை, ஃபியூவல் டிரிம் (நான்காம் படியில் விளக்குகிறேன்). எந்தெந்த எண் தெரியும் என்பது காரின் ஆண்டைப் பொறுத்தது. இந்த வழிகாட்டியில் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை.

இரண்டாம் படி: என்ஜினின் உடல்நிலை

மூன்று சிலிண்டரில் ஒன்று பலவீனமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு இழுவையில் கை வைத்தாயிற்று என்று பொருள். அந்த நிலையில் எதைச் செய்தாலும் வீண். கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்ற அளவு, எடுக்கச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்த நிலையில் இருக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்த அளவு பொய் சொல்லும். மூன்று சிலிண்டர்களுக்கும் இடையே வித்தியாசம் (சதுர செ.மீ.க்கு) ஒரு கிலோவுக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்வில்.

கூடவே டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளியையும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகடு வைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். டக்டக் என்று சத்தம் போடும் டேப்பெட்டைக் கண்டு எல்லோரும் பதறுகிறார்கள். சத்தமே போடாமல் இறுகிப்போன டேப்பெட்தான் உண்மையில் ஆபத்து. வால்வு முழுவதும் மூடாமல், வெப்பத்தைச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாமல், கடைசியில் அதன் விளிம்பு கருகும். கேஸில் ஓடும் கார்களில் இது சீக்கிரமே வரும்.

மூன்றாம் படி: காணாமல் போன வால்வு

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய காராக வாங்கி ஒரு மாதம் இருக்கும். ஓ.பி.டி. அடாப்டரைச் செருகிக்கொண்டு இருபது கிலோமீட்டர் போனேன். கூலண்ட் வெப்பநிலை 62 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. சிக்னலில் நின்றால் 70-ஐத் தொடும், நகர்ந்தவுடன் மறுபடி இறங்கும். சாதாரணமாக 80-ஐத் தாண்டி நிலையாக நிற்க வேண்டிய எண் அது. மேல் ஹோஸைக் கழற்றித் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்க வேண்டிய உறையைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டை. வால்வையே காணோம்.

முந்தைய உரிமையாளர் வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒர்க் ஷாப்பில் போய்க் கேட்டேன். "நம் ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதற்குத் தம்பி? இருந்தால் என்றைக்காவது சிக்கிக்கொள்ளும், என்ஜின் கொதிக்கும். அதனால் எல்லா வண்டியிலும் எடுத்துவிடுவேன்" என்றார் மெக்கானிக், நல்லது செய்த நிறைவோடு. கார்புரேட்டர் காலத்தில் இந்த வாதத்தை வைத்துப் பிழைப்பை ஓட்டியிருக்கலாம். கணினி உள்ள காரில் கதை வேறு. என்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டு, சூடேறும் கட்டத்துக்கான கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே நிற்கும். காசும் போகும், இழுவையும் போகும், பிளக்கில் கரியும் படியும்.

அசல் தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கெட், புதிய கூலண்ட். மூன்றையும் மாற்றிவிட்டுக் காற்றுக்குமிழி போகும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் வெப்பநிலை 80-ஐத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. இந்தக் காருக்கு நான் செய்த எல்லாவற்றிலும் அதிகம் வித்தியாசம் தெரிந்தது இதில்தான். உங்கள் காரிலும் முதலில் இதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வால்வு பிடுங்கப்பட்ட கார்கள் ஏராளம்.

நான்காம் படி: பிளக், த்ராட்டில், காற்றுக் கசிவு

பிளக்குகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கையேட்டில் குறிப்பிட்ட வகை, குறிப்பிட்ட இடைவெளி, மூன்றையும் ஒன்றாக மாற்றுவது. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும். கூடுதல் சக்தி தரும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல்.

என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் தட்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் அழுக்கெல்லாம் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) வால்வுக்குள் போய் உட்காரும். கேபிளால் இயங்கும் த்ராட்டில் என்றால் தட்டைக் கையால் திறந்து விளிம்பைத் துடைக்கலாம். மின்மோட்டாரால் இயங்குவது என்றால் தட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே உள்ள பல்சக்கரம் போய்விடும். சுத்தம் செய்த பிறகு சில நிமிடங்களுக்கு ஐடில் ஏறி இறங்கும். ஏசி, விளக்கு எதையும் போடாமல் பத்து நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் தானாக அடங்கும்.

இப்போது ஃபியூவல் டிரிம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதே இந்த எண். ஐந்து சதவீதத்துக்குள் கூடவோ குறையவோ இருந்தால் கவலை வேண்டாம். பத்தைத் தாண்டினால் துப்பறிய வேண்டும். ஐடிலில் டிரிம் அதிகமாக இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்போது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கோ வேக்யூம் ஹோஸில் வெடிப்பு விழுந்து காற்று கசியலாம். ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை: அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப், அழுக்கேறிய இன்ஜெக்டர். பெரிய கழித்தல் எண் காட்டினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று வாக்கியத்தைப் புரிந்துகொண்டால், "எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம் சார்" என்ற பேச்சிலிருந்து தப்பிக்கலாம்.

ஐந்தாம் படி: குளிர்ந்த காற்று

இதுதான் பலருக்குப் பிடித்த பகுதி, அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். கணக்கைப் போடுவோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் இந்த 796 சி.சி. என்ஜின் அதிகபட்சமாக விநாடிக்கு 40 லிட்டர் காற்றை விழுங்கும். அசல் பெட்டியும் காகித ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் இதற்குத் தாராளமாகப் போதும். விலை உயர்ந்த ஃபில்டரால் கிடைக்கும் லாபம் ஸ்டாப்வாட்ச்சில் தெரியாது. சில நூறு ரூபாய் காகித ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், பெட்டியின் கிளிப்புகள் உடையாமல் இருப்பதும்தான் முக்கியம்.

தெரியக்கூடியது வெப்பநிலை. காற்றின் அடர்த்தி சுமார் 3 டிகிரிக்கு ஒரு சதவீதம் வீதம் குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வையுங்கள். பானெட்டுக்குள்ளிருந்தே மூச்சு விடும் என்ஜினுக்கு எட்டு சதவீதம் காற்று குறைவு, ஏறக்குறைய அதே அளவு சக்தியும் குறைவு. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுபவர்கள் இந்தத் தண்டனையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உறிஞ்சும் சத்தம் அதிகமாகக் கேட்பதால் காருக்கு வேகம் வந்துவிட்டதாகத் தோன்றும். நானும் ஒன்றை மாட்டினேன். ஸ்டாப்வாட்ச்சில் அரை விநாடி மெதுவாகியிருந்தது. அந்தக் கூம்பு இப்போது மாடியில் பழைய டப்பாக்களோடு கிடக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூக்குக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். விபத்துக்குப் பிறகு சரிசெய்த கார்களில் அது உடைந்தோ கழன்றோ ரேடியேட்டருக்குப் பின்னால் தொங்கும். அசல் குழாய் இருந்தால் அதை அதன் இடத்தில் மாட்டுவதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் 50 அல்லது 60 மி.மீ. விட்டமுள்ள, வெப்பம் தாங்கும் நெளிகுழாயை, கிரில்லுக்குப் பின்னால் வெளிக்காற்று வரும் இடம்வரை கொண்டு போங்கள். அந்த விட்டம் சிறியதல்ல. 50 மி.மீ. குழாயிலேயே முழு வேகத்தில் காற்று விநாடிக்கு 20 மீட்டர்தான் ஓடும். கூர்மையான வளைவு வேண்டாம், மின்விசிறியில் உரசக் கூடாது, இரண்டு இடத்தில் கிளாம்ப் போட வேண்டும்.

குழாயின் வாய் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. பம்பருக்குப் பின்னால் இறக்கினால் இன்னும் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று ஆசை வரும். மழைநீர் தேங்கிய சாலையில் என்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டால், நீரை அமுக்க முடியாத பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்களை ஸ்டார்ட் செய்து பார்த்து என்ஜினைத் தொலைத்தவர்கள் சென்னையில் உண்டு. ஒரு சதவீத சக்திக்காக அந்த வழியைத் தேடாதீர்கள்.

குழாய் மாட்டிய பிறகு ஓ.பி.டி.யில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். ஓடும்போது வெளி வெப்பத்தைவிட ஐந்து, எட்டு டிகிரி மட்டுமே அதிகம் என்றால் வேலை சரி. நெரிசலில் நிற்கும்போது எந்தக் குழாய் போட்டாலும் எண் ஏறத்தான் செய்யும்.

ஆறாம் படி: சக்கரங்கள்

என்ஜின் தருவதைச் சக்கரங்கள் தின்றுகொண்டிருக்கலாம். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவுவது அரை மணி நேர வேலை. பின்சக்கரம் சூடானால் ஹேண்ட்பிரேக் கேபிள். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினாலும் தெரிந்துவிடும்.

கிளட்ச்சையும் சோதியுங்கள். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரே மிதியாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் இரைச்சல் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது.

டயரைப் பொறுத்தவரை அசல் அளவு 145/80 ஆர்12. அழகுக்காக 14 அங்குல அலாய் போட்டவர்கள், சுழலும் எடையைக் கூட்டிக்கொண்டு பிக்அப் போய்விட்டது என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் சொன்னபடி, காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்தது.

டிக்கியையும் திறந்து பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து சுமார் 800 கிலோ வரும் காரில் 20 கிலோ குறைப்பது, கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறனை இலவசமாகப் பெறுவதற்குச் சமம். என் டிக்கியிலிருந்து ஒரு மூட்டை பழைய டைல்ஸ் வெளியே வந்தது. ஸ்டெப்னியை மட்டும் இறக்காதீர்கள்.

பெட்ரோல்

 விலை கூடிய, ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் போட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு இந்த என்ஜினில் ஆதாரம் இல்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன். ஏற்றத்தில் கிணிகிணி என்று தட்டும் சத்தம் கேட்காத என்ஜினுக்கு அந்தத் திறன் கூடுதலாகத் தேவையில்லை. கேட்டால், முதலில் கரிப்படிவையும் வெப்பநிலையையும் பாருங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே மைலேஜ் சற்றுக் குறைவது கோளாறு அல்ல. பழைய கார் என்றால் பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள். பானெட்டுக்குள் ஒழுகும் பெட்ரோல் விளையாட்டல்ல.

பணத்தை வைத்துக்கொள்ள வேண்டிய இடங்கள்

ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் சக்தி கூடும் என்று விற்கும் குட்டிப் பெட்டிகள்: பலவற்றில் உள்ளே விளக்கைத் தவிர எதுவும் இல்லை. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம்: காந்தத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டலாம். காற்று வெப்பநிலை சென்சாரில் ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுவது: கணினி சில நாளில் டிரிம்மால் ஈடுகட்டிவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுப்பது எல்லாவற்றிலும் மோசம். பி.எஸ்.4 மாசு விதிப்படி தயாரான பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல் புகைச் சான்றிதழை நேர்மையாக வாங்குவது கடினம். அது அடைத்திருந்தால் மாற்றுங்கள், அடைப்புக்குக் காரணமான மிஸ்ஃபயரை (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) முதலில் சரிசெய்யுங்கள்.

இரைச்சல் சைலன்சர் போட்டு மாட்டினால், மாசு, ஒலி விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். என்ஜினையே மாற்றி 1,000 சி.சி. வைக்க நினைப்பவர்கள் 52-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளர் விவரத்தோடு முரண்படும் மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மேலே நான் சொன்ன வேலைகள் எதுவும் அந்த விவரங்களைத் தொடுவதில்லை.

கணினியில் ரீமேப் செய்வதையும், அதாவது பெட்ரோல், பற்றவைப்பு அமைப்புகளை மாற்றி எழுதுவதையும், பலர் கேட்கிறார்கள். டர்போ உள்ள என்ஜினில் அது பேசும். டர்போ இல்லாத 796 சி.சி.யில் இரண்டு மூன்று குதிரைக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

கடைசிப் படி: டேக்கோமீட்டர் (ஆர்.பி.எம். காட்டும் மீட்டர்) முள்

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே சாலையில், அதே நேரத்தில் மறுபடி அளங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். நான்கைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. என் காரில் 30-லிருந்து 70-க்கு வந்த நேரம் மொத்தத்தில் இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. அதில் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட், மீதி பிரேக்கும் டைல்ஸும்.

எல்லாம் முடிந்த பிறகும் கார் திணறினால் ஓட்டும் முறையைப் பாருங்கள். 2,000 ஆர்.பி.எம்.மில் இந்த என்ஜின் தருவது சுமார் 17 குதிரைத்திறன். 3,500-ல் 34. முழு 48 வேண்டுமென்றால் 6,000 போக வேண்டும். மைலேஜுக்காக 2,000-லேயே கியரை மாற்றிப் பழகியவர்கள், முந்தும்போதும் நான்காவது கியரில் மிதித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மூன்றாவதுக்கு இறக்கி 4,000-க்கு மேல் பிடியுங்கள், அசல் ஆல்டோ அங்கேதான் இருக்கிறது. அது போடும் சத்தம் என்ஜின் அழுவது அல்ல. உங்கள் காரில் டேக்கோமீட்டர் இல்லையென்றால் ஓ.பி.டி. எண்ணைப் பார்த்துக் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இது நன்றாகப் புரியும். 100 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும், அதோடு சக்தியும். மேலே போகப் போக இரண்டாவது கியரில் 4,000-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பழைய ஓட்டத்தில் பாதி மலையில் ஏசியை அணைத்துவிட்டு வருவேன். போன மாதம் நான்கு பேரோடு போனபோது ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கூலண்ட் வெப்பநிலையை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன், 96 டிகிரிக்கு மேல் போகவில்லை.